வலது விளக்கின் முறை

ஆயுத பூஜைக்குக் கார் ஜோராக நிற்க வேண்டுமென்று தணிகைவேல் முன்விளக்குகள் இரண்டையும் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். இடது விளக்கின் கண்ணாடியை ஹேர் டிரையரால் சூடு காட்டிப் பிரித்தார். உள்ளே வெள்ளியாய் மின்னிய கிண்ணம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மூடினார்.

"எப்படி இருக்கேன்?" என்றது இடது விளக்கு.

"அழகாத்தான் இருக்கே. ஆனா நம்ம வெளிச்சத்தை ரோட்டுக்கு அனுப்புறதே அந்தக் கிண்ணம்தானே?" என்றது வலது விளக்கு.

"உனக்கு வயித்தெரிச்சல்."



சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது; கரண்டும் போனது. தணிகைவேல் இடது விளக்கை பேட்டரியில் இணைத்து மனைவியைக் கூப்பிட்டார். "பாரு, என்ன கம்பீரம்!"

"எங்கங்க? ஒண்ணுமே தெரியலையே!"

"இரு, வெளிச்சம் காட்டுறேன்" என்று வலது விளக்கை இணைத்தார். கூடம் முழுக்கப் பளிச்சென்றானது.

"இப்ப நல்லாத் தெரியுது" என்றாள் அவள்.

"ரெண்டும் ஒரே மாதிரி ஆயிட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றவர், அந்த வெளிச்சத்திலேயே தேடி, நாற்காலிக்கு அடியில் கிடந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.