குருசுக்குப்பம் பள்ளம்

"ஒரு சாண் ஆழம் இருக்குங்கறீங்களா டீச்சர்? நேத்தைக்கு விடக் கூடிடுச்சு போலிருக்கே! தண்ணி நிக்குதா?"

காலை பத்து மணி. நெடுஞ்சாலைப் பிரிவின் செயற்பொறியாளர் புருஷோத்தமன் போனில் பேசிக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே கோப்போடு நின்ற இளநிலைப் பொறியாளர் சரிதா, எழுத்தர் வெற்றிவேலைப் பார்த்தாள்.

"குருசுக்குப்பம் டீச்சரம்மாவா?"

"வேற யாரு மேடம்? மூணு வருஷமா இதே நேரம், இதே பள்ளம். பத்து நிமிஷம் ஆவும். சாரும் பாக்கறேன் பாக்கறேன்னு சொல்றாரே ஒழிய, ஒரு கூடை ஜல்லி அனுப்ப மாட்டேங்கறாரு."

வேலையில் சேர்ந்து ஆறு மாதமாகியும் சரிதாவுக்குப் புரியாத விஷயம் இது ஒன்றுதான். புருஷோத்தமன் சாதாரண ஆள் இல்லை. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் இளநிலைப் பொறியாளராக வந்தவர். கொதிக்கும் தாருக்குப் பக்கத்தில் நின்று ரோடு போட்டவர். அதிகாரியான பிறகு டெண்டர், நில எடுப்பு, கோர்ட் வழக்கு என்று நாற்காலியோடு கட்டிப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் ஒரு புகார் வந்தால் மறுநாளே ஆள் போய்விடும். மனைவி இறந்து, மகளும் பாரீசுக்குப் போய்விட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீசில்தான் இருப்பார்.

இன்று அவர் ஓய்வு பெறுகிறார்.

"ரிட்டயர் ஆவற அன்னைக்குப் புகார் நிலுவையில இருந்தா மெமோ வருமாமே, நிஜமா?" என்றாள் சரிதா.

"வரும் மேடம். மத்த ஃபைல் எல்லாம் முடிச்சிட்டேன். இதை மட்டும் தொட விடமாட்டேங்கறாரு."

போன் வைக்கும் சத்தம் கேட்டது. சரிதா உள்ளே போனாள்.

"சார், அந்தக் குருசுக்குப்பம் புகாரை இன்னைக்கே முடிச்சிடலாம் சார்."

"அதை நான் பாத்துக்கறேன்மா."

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க சர்வீஸ்ல ஒரு மெமோ கிடையாது. கடைசி நாள்ல போய் ஒரு பள்ளத்துக்காகவா?"

அவர் சிரித்தார். பிறகு போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இந்தச் சீட்டுக்கு வர்றவரு இந்த போனை எடுப்பாரான்னு தெரியல. எடுத்தா, அந்த டீச்சர்கிட்ட கொஞ்சம் பொறுமையா பேசச் சொல்லும்மா."

"ரிட்டயர் ஆவறதை அவங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

"சொல்லணும்னுதான் எடுத்தேன். வாய் வரல."

வெளியே வந்த சரிதா ஒரு முடிவு செய்தாள். நாலு மணிக்குப் பிரிவு உபசார விழா. மாலை, சால்வை எல்லாம் மற்றவர்கள் போடட்டும். அந்தப் பள்ளத்தை மூடி, கோப்பை முடித்து அவர் கையில் கொடுப்பதுதான் தன் பரிசு.

ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் நடந்துகொண்டிருந்த ரோடு வேலையிலிருந்து தார்க்கலவை லாரி ஒன்றையும் நாலு ஆட்களையும் கூட்டிக்கொண்டு, இரண்டு மணிக்குக் குருசுக்குப்பம் திருப்பத்தில் இறங்கினாள். ஆட்கள் மண்வெட்டியோடு குதித்தார்கள். அப்படியே நின்றார்கள்.

"மேடம், எந்த எடம்?"

சரிதா இந்தப் பக்கம் ஐம்பது அடி நடந்தாள். அந்தப் பக்கம் ஐம்பது அடி நடந்தாள். அதற்குள் அவளுடைய போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க? லாரி குருசுக்குப்பம் போயிருக்குன்னு சொல்றாங்க?" புருஷோத்தமனின் குரலில் இத்தனை பதற்றத்தை அவள் கேட்டதே இல்லை.

"ஆமா சார். உங்களுக்காகத்தான் சார்..."

"ஐயையோ, வேணாம்மா! அங்க ஒண்ணும் பண்ணாதே. லாரியைத் திருப்பிக்கிட்டு வந்துடு."

லாரிச் சத்தம் கேட்டு எதிர் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வேகமாக வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்குக்கண்ணாடி.

"ஒரு நிமிஷம் சார்" என்று போனை இறக்கினாள் சரிதா.

"யாரும்மா நீங்க? எதுக்கு லாரி?"

"நெடுஞ்சாலை ஆபீஸ்மா. புகார் கொடுத்த அஞ்சலாட்சி டீச்சர் நீங்கதானே? பள்ளத்தை மூட வந்திருக்கோம். சார் இன்னையோட ரிட்டயர் ஆவறாரு. அதுக்குள்ள முடிச்சிடலாம்னு..."

"இன்னையோடவா?" அந்த அம்மாளின் கை லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டது. "காலையில அவ்வளவு நேரம் பேசினாரே. ஒரு வார்த்தை சொல்லலியே. அப்ப நாளைக்கு அந்த நம்பர்ல..."



"அதை விடுங்கம்மா. முதல்ல பள்ளத்தைக் காட்டுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அஞ்சலாட்சி தலையைக் குனிந்துகொண்டார். வழுவழுவென்று கிடந்த ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"பள்ளம் ஏதும்மா? நான் ஸ்கூட்டியோட விழுந்து, முதமுதல்ல போன் பண்ணினேன் பாரு, அதுக்கு மறுநாளே உங்க சார் வந்து, வெயில்ல நின்னு மூடிட்டுப் போயிட்டாரு. மூணு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எதுக்கும்மா தெனமும் புகார்?"

"பின்ன? அவரும் தனி, நானும் தனி. ஆபீசுக்குப் போன் போட்டு 'சாப்டீங்களா'ன்னா கேக்க முடியும்?"

 சரிதா, துண்டிக்காமல் வைத்திருந்த தன் போனை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப கேளுங்கம்மா. சார் லைன்லதான் இருக்காரு."