இரண்டாவது அட்டை

அட்டையில் மை காயவில்லை. அவள் அதை மேசையின் நடுவே தள்ளினாள்.

அகராதிக் குழுத் தலைவர் ஆவுடையப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

சொல்: குயர். வாக்கியம்: நான் குயர். சொன்னவர்: இரா. பூங்கோதை. வயது: முப்பத்திரண்டு. ஊர்: மானாமதுரை.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

பூங்கோதை அவள்தான். பதினோரு மாதமாக அதே அறையில் அட்டை அடுக்குகிற உதவிப் பதிப்பாசிரியர்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியின் பழைய பதிப்பில் அந்தச் சொல்லுக்கு நான்கு பொருள். விசித்திரமான. சந்தேகத்துக்குரிய. உடம்பு சரியில்லாத. நான்காவது, கள்ளப் பணம். தொண்ணூறு வருடமாக யாரும் கை வைக்கவில்லை.

இந்த நான்கில் எதுவாகவும் இருக்க அவளுக்கு விருப்பமில்லை. கள்ளப் பணமாக இருந்தாலாவது யாராவது பத்திரமாக ஒளித்து வைத்திருப்பார்கள்.

ஐந்தாவது பொருளை அவள் எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண் என்ற கணக்கில் அடங்காதவர்கள் தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சொல். கீழே ஒரு குறிப்பு: முன்பு வசவு; வசவு வாங்கியவர்களே அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஆவுடையப்பனுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. அவருக்கு விதிதான் முக்கியம்.

புதுப் பொருள் ஏற வேண்டுமென்றால் இரண்டு அட்டை. தமிழ் பேசுகிற இரண்டு பேர் தம் வாயால் சொல்லியிருக்க வேண்டும். பெயர், வயது, ஊர் வேண்டும். படித்தது செல்லாது. அவள் இணையத்திலிருந்து கொண்டுவந்த நாற்பது வாக்கியங்களை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘செல்ஃபி’ என்ற சொல்லுக்குத் தன் பேத்தியையே அழைத்து வந்து, நிற்க வைத்து, சொல்ல வைத்தவர் அவர். விதிப் புத்தகம் எப்போதும் அவர் முழங்கைக்கு அடியிலேயே இருக்கும்.

நான்கு மணிக்கு இந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. அடுத்த பதிப்பு அவள் தலை நரைத்த பிறகுதான்.

“வாயால சொல்லணுமேம்மா.”

அம்மாவிடம் இன்னும் சொல்லாததை அவள், தலைவரும் மேசையின் மறுமுனையில் இருந்தவருமாக இரண்டு கிழவர்கள் முன்னால் சொன்னாள்.

“நான் குயர், சார்.”

காது சுட்டது. அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஆவுடையப்பன் தேதியும் நேரமும் குறித்தார். ‘சார்’ என்பதையும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும்.

“ஒண்ணாச்சு. இன்னொண்ணு?”

இன்னொன்று இல்லை. சொல்லக்கூடிய தோழிகள் உண்டு. பெயர் கொடுக்கக்கூடிய தோழிகள் இல்லை.

மணி மூன்று ஐம்பது.

அவர் மனசில்லாமல்தான் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த சில சொற்களில் ஒன்று ‘குவென்ச்’, தாகம் தணிப்பது. காபியும் வந்துவிட்டது.

மறுமுனையில் இருந்தவர் கோதண்டபாணி. எழுபத்தொரு வயது. தாவரப் பெயர்களுக்கான உறுப்பினர். பிரண்டை, தூதுவளை தவிர வேறெதற்கும் அவர் வாய் திறந்து அந்த அறை கேட்டதில்லை. கலியாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் நண்பர் பரமானந்தம் அவருக்குத் தினமும் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். வெள்ளிக்கிழமைப் புளியோதரைக்குக் குழுவே அடித்துக்கொள்ளும்.

அவர் காபியைத் தள்ளி வைத்தார்.

வெற்று அட்டை ஒன்றைத் தன் பக்கம் இழுத்தார். பேனா மூடியைக் கழற்ற அவருக்கு வெகு நேரமானது.

“ஐயா, ஒரு சந்தேகம்.”

இருவரும் திரும்பினார்கள்.

“ஒரே விலாசத்துல இருக்கிற ரெண்டு பேர் சொன்னா, அது ஒரு அட்டையா, ரெண்டு அட்டையா?”

யாரும் காபியைத் தொடவில்லை. பூங்கோதை முதல் முறையாக அவருடைய சாப்பாட்டுப் பையைப் பார்த்தாள். அழகாக மடித்த துண்டு, பக்கத்தில் மாத்திரை டப்பா. மூடியில் யாரோ நேரம் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

“ரெண்டுதான்,” என்றார் ஆவுடையப்பன், புத்தகத்தைத் திறக்காமலே.

பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.