கருப்பிக்குக் கிடைத்த மரியாதை

மூங்கில் மறைவில் நின்ற காட்டெருமைக்கு வயிறு எரிந்தது. காட்டுப்பாதையில் நடந்துவந்த பட்டணத்துக் கூட்டம், பழங்குடி ஊரைச் சேர்ந்த ரங்கியின் வீட்டெருமை கருப்பியைப் பார்த்து, "ஐயோ, காட்டெருமை!" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கருப்பியும் வாயில் தொங்கிய கேழ்வரகுத் தாளை அவசரமாக விழுங்கிவிட்டுத் தலையைக் கம்பீரமாகத் தூக்கியது.

பாதையோரக் கொல்லையிலிருந்து ஓடிவந்த ரங்கி, "கறக்கிற நேரத்துல இங்கே என்னடி பவுசு?" என்று அதன் முதுகில் ஒன்று வைத்து ஓட்டிப்போனாள். கூட்டம் அசடு வழிந்தது.

இதுதான் சமயமென்று காட்டெருமை கொம்பை ஆட்டியபடி பாதையில் வந்து நின்றது.

"இதுவும் அந்தம்மா மாடுதான், விட்டுட்டுப் போறாங்க பாரு" என்று ஒருவர் அதன் பின்புறத்தில் தட்டினார். "போம்மா, பால் கறக்கணும்ல."

"யோவ், நான் கடா!" என்று அது உறுமியது.

கொல்லைக்குள்ளிருந்து கருப்பி கத்தியது: "வம்பு வேணாம், வந்துடுங்கண்ணே. அடுத்த அடி குச்சியால விழும்."