டிக்கிக்குள் போன மட்டை

பட்டாபிராமன் திருடியதை யூனிஸ் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

கோல்ஃப் பைகள் வேப்பமரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவள் கணவன் சாலமோன் அந்தப் பக்கம் திரும்பி யாரோடோ கைகுலுக்கிக்கொண்டிருந்தான். பட்டாபிராமன் அக்கம்பக்கம் பார்த்தார். சாலமோனின் பையிலிருந்து ஒரு மட்டையை உருவினார். விறுவிறுவென்று போய்த் தன் ஃபியட் காரின் டிக்கியில் போட்டு மூடினார். ஒன்றும் அறியாதவர் போலத் திரும்பி வந்து, "என்ன சாலமோன், ஆரம்பிக்கலாமா?" என்றார்.

யூனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது அவள் வாங்கி வரச் சொன்ன மட்டை! கப்பலில் வேலை பார்க்கும் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பந்தைக் கடைசியில் குழிக்குள் தள்ளிவிடுகிற மட்டை, பட்டர் என்பார்கள். ஆட்டத்தின் நடுவே பார்த்து சாலமோன் அசந்து போகட்டும் என்று, சற்று முன்புதான் அவனுக்குத் தெரியாமல் பையில் செருகினாள். பழைய பட்டரை எடுக்கவில்லை. அது அவனுக்கு ராசியானது. எடுத்தால் சண்டைக்கு வருவான்.

சாலமோன் தாம்பரம் பக்கத்து பேக்டரி ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். பட்டாபிராமன் அங்கேயே மேனேஜர். மூன்று வருஷமாகக் கம்பெனிக் கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர். இந்த வருஷம் பைனலில் இவர்கள் இருவரும்.

சாலமோனின் மட்டைகள், ஊருக்குப் போன வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் விட்டுப்போனவை. ஆபீசர்களின் மனைவிமார் அந்தப் பையைப் பார்த்து, "பழைய இரும்புக் கடையா?" என்று சிரித்ததை யூனிஸ் மறக்கவில்லை. மழைக்காலம் முழுக்க அந்தப் பதினாலு மட்டைகளையும் துருப்பிடிக்காமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தவள் அவள்தான். தலை பெருத்த மர மட்டைகளுக்குக் கம்பளி நூலில் குல்லாகூடப் பின்னிப் போட்டாள். பெற்ற பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்ததில்லை என்று சாலமோனே கேலி செய்வான்.

இந்தக் கோப்பை அவளுக்கு வேண்டும். அவ்வளவுதான்.

"என்னங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

பை தூக்கும் கோதண்டம் குறுக்கே கையை நீட்டினான். "இன்னாக்கா நீ? சாரு அடிக்கப் போறாரு. இப்ப வாயத் தொறந்தியானா நம்மள வெளிய அனுப்பிடுவாங்கோ."

அடிக்கும்போது யாரும் பேசக் கூடாதாம். திருடலாமாம், பேசத்தான் கூடாதாம்! என்ன ஆட்டமோ!

குழிக்குக் குழி போட்டி. குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறவருக்கு அந்தக் குழி சொந்தம். யூனிஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெயிலில் பின்னாலேயே நடந்தாள். சாலமோன் பழைய பட்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவள் பட்டாபிராமனை முறைத்தாள்.

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சரிசமம். பீர்க்கன்கரணை ஏரிக் காற்று மணலை வாரி இறைத்தது. பட்டாபிராமன் தள்ளிய பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு விலகிப் போனது. சாலமோன் குனிந்தான். மெல்லத் தட்டினான். பந்து உருண்டது, தயங்கியது, உள்ளே விழுந்தது!

ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் கோப்பை சாலமோனுக்கு!

கோதண்டம் விசிலடித்தான். யூனிஸ் சிரித்துக்கொண்டே அழுதாள். இரும்புக் கடை என்று சொன்னவர்கள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பட்டாபிராமன்தான் முதலில் ஓடி வந்து சாலமோனைக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும், இத்தனை நேரம் அடக்கி வைத்தது யூனிஸுக்குப் பொங்கிவிட்டது. செய்வதையும் செய்துவிட்டு இந்த வேஷம் வேறா!

"கட்டிப் பிடிக்கிறது இருக்கட்டும் சார். முதல்ல உங்க கார் டிக்கியைத் திறங்க!"

கைதட்டல் நின்றது.

"யூனிஸ்! யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?" சாலமோன் பதறினான். மேனேஜர் நினைத்தால் நாளைக்கே வேலை போய்விடும்.

"தெரியாம என்ன? உங்க பையிலேர்ந்து புது பட்டரை உருவி ஒளிச்சு வெச்சவர்கிட்ட பேசறேன். அப்படியும் உங்களைத் தோக்கடிக்க முடியலை, பாருங்க!"

பட்டாபிராமன் காருக்குப் போனார். டிக்கியைத் திறந்து மட்டையை எடுத்து நீட்டினார். "ஆட்டம் முடிஞ்சதும் குடுக்கணும்னுதான் வச்சிருந்தேம்மா."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. யூனிஸ் தலை நிமிர்ந்து நின்றாள்.

மட்டையை வாங்கிய சாலமோனின் முகம் வெளுத்துவிட்டது. "இதை எப்ப பையில வெச்சே?"

"ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி."

"பழசை எடுக்காமயா?"

"அது உங்க ராசியாச்சே!"

சாலமோன் மேனேஜரின் பக்கம் திரும்பினான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்?"

"அவங்க ஆசை ஆசையாச் செருகிட்டுப் போனதைப் பார்த்தேன், சாலமோன். அத்தனை பேர் முன்னால சொல்லி அந்த முகத்தை வாட வைக்கணுமா என்ன?"

"என்னங்க சொல்றார் இவர்?" என்றாள் யூனிஸ்.

சாலமோன் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "பையில பதினாலு மட்டைக்கு மேல இருக்கக் கூடாது, யூனிஸ். உன்னோடது பதினஞ்சாவது. அது உள்ளே இருந்திருந்தா ரெண்டு குழியைப் பிடுங்கி அவருக்குக் குடுத்திருப்பாங்க. நான் ஜெயிச்சது ஒரே ஒரு குழியில!"