சிமிழின் மூடி

“இந்த விபூதிச் சிமிழுக்கு ஒரு மூடி கடைஞ்சு தருவியளாக்கா?”

குற்றாலத்துக் கடைசல் பட்டறைக்கு வந்த பெண் கேட்டாள்.

சிமிழை வாங்கிப் பார்த்த ஜெயசித்ரா, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினாள்.

“இது ஏது?”

“எங்க வீட்டுக்காரர் குடுத்தது. லாரி ஓட்டுதாரு. மூடி எங்கனயோ தொலைஞ்சிட்டாம்.”

“எந்த ஊரு நீ?”

“செங்கோட்டை. கல்யாணமாகி ரெண்டு மாசந்தான் ஆகுது.”

ஜெயசித்ரா பின்னால் இருந்த வீட்டுக்குள் போய் ஒரு மூடியோடு வந்தாள். வைத்து அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியில் ஓடிய மர ரேகை அப்படியே சிமிழிலும் தொடர்ந்தது.

“ஒரே கட்டையில கடைஞ்ச மாதிரி இருக்கே!”

“ஒரே கட்டைதான். நான் கடைஞ்சது.”

“அப்போ மூடி மட்டும் உங்ககிட்ட எப்படிக்கா?”

“எங்க வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கையில பையில கெடந்துது.”