முதல் வாடிக்கை

வளைகுடா வேலை போனதும், வீட்டிலிருந்த டிரில்லிங் மிஷினை வாடகைக்கு விடுவதாக மலப்புறத்தில் பலகை மாட்டினான் ஷுக்கூர். பத்து நாளாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அலவி வந்தார்.

"சாயங்காலமே தந்துடணும் அலவிக்கா. சில பேர் வாங்கிட்டுப் போனா மறந்தே போயிடறாங்க."

"ஆமாடா, காலம் அப்படி!" என்று வாடகையைக் கொடுத்தார்.

சொன்னபடி, துடைத்துச் சுத்தமாகக் கொண்டுவந்தார். பெட்டியை வாங்கிப் புரட்டிய ஷுக்கூர் திகைத்தான். அடியில், விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொட்டை எழுத்தில் எழுதிய முகவரி: 'அலவி, ஜித்தா – கோழிக்கோடு.'

"இக்கா... நாலு வருஷம் முந்தி லீவுல வந்தப்ப உங்ககிட்ட இரவல் வாங்கினதா இது?"

"ஆமா."

"அப்புறம் ஏன் திருப்பித் தர்றீங்க?"

அலவி சிரித்தார். "முதல் வாடிக்கைக்காரனே பொருளை வச்சுக்கிட்டா, உன் தொழில் விளங்குமாடா?"