ஞானதுரை சாரின் கணக்கு

ஐந்து, இரண்டு, மூன்று, நான்கு.

"நன்றி. எல்லோரும் அமரலாம்," என்றார் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர், மைக்கைப் பிடித்தபடி.

ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தவரும் அவர்தான். இருபது விநாடிதான் ஆகியிருந்தது.

அரங்கம் உட்கார்ந்தது. மடக்கு நாற்காலிகள் வரிசை வரிசையாக முனகின.

அவள் உட்காரவில்லை.

ஆறு, இரண்டு, மூன்று, நான்கு.

இரங்கல் கூட்டங்களில் இது வழக்கம்தான். ஒரு நிமிடம் என்பார்கள். யாராவது இருமுவதற்குள் முடித்துவிடுவார்கள். செத்தவர் எழுந்து வந்து மிச்சத்தைக் கேட்கவா போகிறார்?

ஆனால் செத்தவர் ஞானதுரை சார்.

இந்த ஆர்கெஸ்ட்ராவில் முப்பத்தொரு வருடம் டிராம்போன் வாசித்தவர். டிராம்போன்காரருக்கு ஊதுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். வயலின்கள் தம்பாட்டுக்கு இழைத்துக்கொண்டிருக்கும். அவர் நாற்பது பார், ஐம்பது பார் என்று வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். சும்மா அல்ல, எண்ணிக்கொண்டு. பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று; பாருக்கு நான்கு அடி. முதல் அடியில் எத்தனையாவது பார் என்ற எண். ஒவ்வொரு பாருக்கும் கட்டைவிரல் ஒரு விரல்கணு நகர வேண்டும்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்த அவளுக்கு முதல் ஒரு மாதம் அவர் டிராம்போனைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. எண்ணத்தான் சொல்லித்தந்தார். நடுவில் வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பார். காலையில் என்ன சாப்பிட்டாய், பஸ் கிடைத்ததா என்பார். பதிலும் சொல்ல வேண்டும், கணக்கும் தப்பக் கூடாது. தப்பினால் வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே சிலர் தப்புவார்கள். அவளும் தப்பியிருக்கிறாள்.

விநாடிக்கு ஓர் அடி என்றால் ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து பார்.

ஏழு, இரண்டு, மூன்று, நான்கு.

மௌனத்துக்குச் சற்று முன் கண்டக்டர் பேசியிருந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தபோது அவருக்குக் குரல்கூடத் தழுதழுத்தது.

"கடைசிக் கச்சேரியில் கொஞ்சம் தடுமாறிவிட்டார். வயது. இரண்டு பார் தள்ளி நுழைந்தார். அதற்காக நம் அன்பு குறைந்துவிடுமா?"

முன்வரிசையில் சாரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தடுமாறியது சார் இல்லை. அன்று கண்டக்டர் இரண்டு பார் முன்னதாகவே, நுழையச் சொல்லிக் குச்சியை நீட்டிவிட்டார். சாருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவள் அவள்தான். அவளுடைய கட்டைவிரல் இன்னும் இரண்டு கணு தாண்ட வேண்டியிருந்தது.

தெரிந்தே ஊதினாள்.

டிரம்பெட்காரர்களும் ஊதினார்கள். வயலின்கள் ஒரு கணம் திகைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தன.

சார் ஊதவில்லை. இரண்டு பார் பொறுத்து, தாளில் எழுதியிருந்த இடத்தில், தன்னந்தனியாக நுழைந்தார். எல்லோரும் சேர்ந்து தப்பியதில் அவர் வாசித்ததுதான் தப்பாகக் கேட்டது.

அடுத்த மாதம், ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்குக் கடிதம் வந்தது.

கச்சேரி முடிந்து படியிறங்கும்போது அவளிடம் கேட்டிருந்தார்.

"ஏம்மா, என் கணக்கு சரியாத்தானே இருந்துச்சு?"

தெரியல சார் என்றாள்.

அவளுக்கு சாரின் நாற்காலி வேண்டியிருந்தது. இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எட்டு, இரண்டு, மூன்று, நான்கு.

"உக்காருங்கம்மா," என்றார் கண்டக்டர். கனிவாகத்தான் சொன்னார். பக்கத்திலிருந்து யாரோ அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள்.

"இன்னும் ஏழு பார் இருக்கு சார்."

டிராம்போன் ஊதிப் பழகிய நெஞ்சு. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

"அன்னைக்கும் அவர் கணக்குதான் சரி. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

பேச்சு முடிவதற்குள் கட்டைவிரல் இரண்டு கணு நகர்ந்திருந்தது.

பதினொன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பின்னால் ஒரு நாற்காலி மடங்கும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். டிரம்பெட் ஜெபசிங். பேரன் எடுத்துவிட்ட மனிதர். அன்று அவரும் ஊதியவர்தான். அவள் கண்ணைப் பார்க்காமல் எழுந்து நின்றார்.

பிறகு ஹார்ன்காரர்கள் இருவர். பிறகு செல்லோ வாசிக்கும் பெண். பிறகு யார் யார் என்று அவள் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கண்டக்டர் தன் நாற்காலிக்கும் மைக்குக்கும் நடுவில் நின்றார். உட்காரவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. பழக்கதோஷத்தில் வலது கை பாதிவரை உயர்ந்து, எதற்கு உயர்ந்தோம் என்று தெரியாமல் இறங்கியது. எத்தனையாவது பார் நடக்கிறது என்று அந்த அரங்கில் தெரியாதவர் அவர்தான்.

பதினாலாவது பாரில் சாரின் மனைவி எழுந்தார். படத்தின் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

பதினைந்து, இரண்டு, மூன்று, நான்கு.

யாரும் அசையவில்லை.

"இப்ப..." கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப உக்காரலாமா?"

மைக்கில்தான் கேட்டார். கேட்டது அவளை.

அவள் சாரின் மனைவியைப் பார்த்தாள்.

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.